'வாயில்லா ஜீவன்' என்றொரு வசதியான பொய்

விலங்குகளுக்காக இரங்கும்போது தமிழில் முதலில் வந்து நிற்கும் தொடர் 'வாயில்லா ஜீவன்' என்பது. இரக்கத்தின் தொடராகவே அது வழங்கிவருகிறது. சற்று உற்று நோக்கினால், அது சொல்பவருக்கு ஒரு விடுப்பையும் சேர்த்தே வழங்குவது தெரியும். வாயில்லாதது எதையும் சொல்லாது. சொல்லப்படாததைக் கேட்கும் கடமை எவருக்கும் இல்லை. தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் மூச்சிரைக்கக் கிடக்கும் பன்னிரண்டு வயது நாயைக் குனிந்து பார்த்து, 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று சொல்லிவிட்டு வாசலுக்குச் சரவெடி கொளுத்தப் போகிறவர், தம் பங்கு இரக்கத்தைச் செலுத்தி முடித்துவிட்டதாகவே நம்புகிறார். அந்த நாயோ பிற்பகலில் முதல் வெடி வெடித்த கணத்திலிருந்து இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அது சொல்லும் முறைகளை எண்ணிப் பட்டியலிடலாம். உழைப்போ வெயிலோ இல்லாதபோதும் மூச்சிரைக்கும். எச்சில் வடியும். உடல் நடுங்கும். காதுகள் பின்னுக்கு மடியும். வால் கால்களுக்கிடையே ஒடுங்கும். உறக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். உணவில்லாத நேரத்தில் உதட்டை நக்கும். நாள்தோறும் ஓடிவந்து வாங்கித் தின்னும் பண்டத்தை முகர்ந்துவிட்டு விலகும். குளியலறை மூலையைத் தேடிப் போய் நிற்கும், அல்லது ஆளை விட்டு ஓரடி நகர மறுக்கும். இவற்றுள் ஒன்றுக்கும் வாய்ச்சொல் தேவையில்லை. உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுவதைத் தமிழிலக்கணம் 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே தொல்காப்பியத்துள் வகுத்து வைத்திருக்கிறது. அச்சம் அங்கே எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என அச்சம் பிறக்கும் களன்கள் நான்கென்றும் அவ்வியல் கூறும். விலங்கு அச்சத்தை விளைப்பதாக அப்பட்டியலில் இடம்பெறுகிறது, அஞ்சுவதாக இடம்பெறவில்லை. கூத்தையும் செய்யுளையும் பற்றிய நூலில் அது குறையாகாது. ஆனால் மெய்ப்பாட்டியலை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியர் குடியிருப்பில், காலடியில் நடுங்கும் உடலை ஒருவரும் வாசிக்கவில்லை என்றால் அது குறைதான்.

இக்குறை ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ உரியதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் நாய் ஓசைக்கு அஞ்சுவதாகச் சொன்ன உரிமையாளர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். ஆனால், ஓசை கேட்கும்போது நாய் நடுங்குகிறதா, ஒளிகிறதா, ஆளைத் தேடி வருகிறதா என்று அறிகுறிகளைத் தனித்தனியே கேட்டபோது, ஒன்றையேனும் கண்டதாகச் சொன்னவர்கள் பாதியை நெருங்கினர். அறிகுறி கண்ணில் பட்டிருக்கிறது; அதற்கு அச்சம் என்ற பெயர்தான் இடப்படவில்லை. காண்பதற்கும் பெயரிடுவதற்கும் இடைப்பட்ட இந்தப் பள்ளத்தில்தான் வயது முதிர்ந்த நாய்கள் ஆண்டுதோறும் விழுகின்றன. அப்பள்ளத்தை மூடி மறைப்பதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் நான்கு வாக்கியங்கள் புழங்குகின்றன. படித்தவர் வீடுகளில் அவை இன்னும் திருத்தமாகப் புழங்குகின்றன.

முதல் வாக்கியம்: 'சத்தமே போடவில்லை, சமர்த்தாகப் படுத்திருக்கிறது.' அமைதியை நிம்மதி என்று வாசிக்கும் பிழை இது. அச்சம் முற்றிய உடல் ஓடவும் செய்யும், உறையவும் செய்யும். மூட்டுத் தேய்ந்து ஓட இயலாத முதுநாய்க்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது உறைதல் மட்டுமே. இளம் நாயின் அச்சம் வீட்டைப் புரட்டிப் போடுவதால் எல்லோர் கவனத்தையும் ஈர்க்கிறது. கிழ நாயின் அச்சம் ஒரு மூலையில் அசையாமல் கிடப்பதால் நல்லொழுக்கத்துக்கான பாராட்டைப் பெறுகிறது.

இப்பிழை மருந்துச்சீட்டு வரை நீள்வதுதான் பெருங்கேடு. பண்டிகைக்கு முதல் நாள் 'தூங்க ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தில், பல்லாண்டுகளாக அசெப்ரோமசின் தனியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அம்மருந்து உடலைத் தளர்த்தும். அச்சத்தைப் போக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதாகக் கொள்ள முடியாது. ஓசை கேட்டுக்கொண்டே இருக்க, அஞ்சும் நாய் எழுந்து விலகவும் முடியாமல் கிடக்கும். விலங்கு நடத்தை மருத்துவர்கள் இதை ஓசையச்சத்துக்குத் தனி மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். அவ்விரவில் உறங்க வேண்டியிருந்தவர் வீட்டுக்காரர். மருந்து நாயின் வாயில் போயிற்று. அச்சத்தையே குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் களிம்பு நாய்களின் ஓசையச்சத்துக்கென்றே சில நாடுகளில் ஒப்புதல் பெற்றது. வேறு மருந்துகளையும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். எது பொருந்தும் என்பதை முதுநாயின் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலை பார்த்துக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வெடியில்லாத ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்து, அதன் விளைவை அறிந்துகொள்ளவும் வேண்டும். இதற்கெல்லாம் சில வாரங்கள் தேவை. பண்டிகை மாலை ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்கு ஓடுவது ஏற்பாடாகாது.

இரண்டாம் வாக்கியம்: 'வயதாகிவிட்டது, அதனால்தான்.' இவ்வாக்கியம் காரணம் சொல்வதுபோல் தோன்றிக் காரணம் தேடுவதைத் தடுத்துவிடுகிறது. பத்து வயது வரை வெடிக்கு அசையாத நாய் பதினோராம் வயதில் நடுங்கத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே வலிக்கிறது?' என்பதாகும். லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018இல் வெளியான ஆய்வு, ஓசையச்சம் கொண்ட இருபது நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டது. அவற்றுள் பத்து நாய்களுக்குத் தசை அல்லது மூட்டு வலி இருந்தது. ஏனைய பத்துக்கு இல்லை. வலியுள்ள நாய்களுக்கு ஓசையச்சம் தொடங்கிய வயது, வலியற்றவற்றைவிடச் சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் எளிதில் விளங்குவது. திடீர் ஓசைக்கு உடல் திடுக்கிட்டுத் தசைகள் இறுகும். தேய்ந்த மூட்டின்மேல் அவ்விறுக்கம் வலியாக இறங்கும். ஓசையும் வலியும் ஒருங்கே நேர்வதால் ஓசையே வலியின் முன்னறிவிப்பாகிவிடும். பிறகு ஓசை கேட்ட இடம், கேட்ட நேரம், உடனிருந்த பிற நாய்கள் என அச்சம் பரவும். இத்தகைய நாய்க்கு ஆறுதல் மட்டும் போதாது. வலிக்கு மருத்துவம் தேவை. ஆனால் மனிதருக்கான வலிமாத்திரையை உடைத்துக் கொடுப்பது மருத்துவம் ஆகாது. ஐபுப்ரோஃபெனும் பராசிட்டமாலும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

வயதைக் காரணம் காட்டுவோர் அடுத்து எடுத்து வைப்பது, 'இப்போது காதே சரியாகக் கேட்பதில்லையே' என்பது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையும் நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையும் எட்டும். முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்சுருதி ஓசைகளைக் கேட்கும் திறன். வீட்டார் கூப்பிடும் குரல் தெளிவிழக்கும். அணுகுண்டு வெடியின் கனத்த அதிர்வோ தரை வழியாகவும் வந்து சேரும். ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் கடினமாகும். போதாக்குறைக்குப் பார்வையும் மங்கி, சில நாய்களுக்கு முதுமை மறதியும் சேர்ந்துவிட்டால், பழகிய வீடே அவ்விரவில் அந்நிய இடமாகிவிடும். காது மந்தமானது பாதுகாப்பு என்று கொள்வது, கண்புரை வந்தவரை இருட்டில் தனியே விட்டு 'அவருக்குத்தான் எதுவும் தெரியாதே' என்பதற்கு ஒப்பானது.

மூன்றாம் வாக்கியம்: 'போகப்போகப் பழகிவிடும்.' உளவியல் பாடம் படித்தவர்கள் இதற்குக் கலைச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழக்கமாதலுக்கு நிபந்தனைகள் உண்டு. தூண்டல் மெல்லியதாக இருக்க வேண்டும். படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் உடல் அமைதி குலையாதிருக்க வேண்டும். பட்டாசு இவை மூன்றையும் மீறுகிறது. எப்போது வரும், எங்கிருந்து வரும், எவ்வளவு உரக்க வரும் என்று எதுவும் முன்கூட்டித் தெரியாது. அத்தகைய தூண்டல் மீண்டும் மீண்டும் தாக்கும்போது உடல் பழகுவதற்கு மாறாக மேலும் கூர்மையடைந்து, முன்பு வெடிக்கு மட்டும் நடுங்கியது பிறகு கதவு அறைவதற்கும் நடுங்கத் தொடங்கலாம். ஓசைப்பதிவைக் கேட்கக் கேளாத அளவில் வைத்து, பிடித்த தீனியோடு இணைத்து, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்திச் செல்லும் பயிற்சி ஒன்று உண்டு. அதற்குரிய காலம் பண்டிகைக்குப் பல மாதங்கள் முன்பு. பண்டிகையன்று நாயை வாசலில் கட்டிவைத்துப் 'பழக்குவது' கல்வியென்னும் பெயருக்கு உரியதன்று.

நான்காம் வாக்கியம்: 'தடவிக் கொடுக்காதே, பயம் அதிகமாகும்.' அறிவியல் வேடம் பூண்ட கொடுமை இது. நடத்தையைப் பரிசு கொடுத்து வலுப்படுத்தலாம் என்பது உண்மை. அச்சம் நாய் தேர்ந்தெடுத்துச் செய்யும் நடத்தை அன்று. அது நேரும் உணர்வு. தீனி கிடைக்குமென்று எந்த உயிரும் இதயத்துடிப்பை உயர்த்திக்கொள்வதில்லை. பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் 1,200க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் திரட்டி 2020இல் வெளியிட்ட தரவுகளில், ஒவ்வொரு வெடியோசைக்குப் பின்னும் நல்ல தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானோர் அது பயனளித்ததாகக் கூறினர். உரிமையாளர் கூற்று என்ற அளவிலேயே அதைக் கொள்ள வேண்டும். ஆயினும், அஞ்சி அருகில் வரும் நாயை விலக்கித் தள்ளுவதற்கு அந்த அளவு சான்றுகூடக் கிடையாது. நாடி வரும் நாய்க்கு மடி கொடுப்பதும், தனியே ஒளிய விரும்பும் நாயை இழுத்து வெளியே போடாமலிருப்பதும் ஒரே நெறியின் இரு பக்கங்கள்: அது கேட்பதைக் கொடுத்தல்.

வாசிக்கத் தெரிந்தால் செய்ய வேண்டியவை தாமே புலப்படும். பகல் வெளிச்சத்தில், வெடி தொடங்குமுன்பே நடையை முடித்துவிட வேண்டும். அப்போதும் கழுத்துப்பட்டையோடு மார்பைச் சுற்றிய பட்டையும் சேர்த்து இரட்டைப் பிடியாக இருத்தல் நலம். அஞ்சிய நாய் தலையை உருவிக்கொண்டு ஓடுவது நொடியில் நடக்கும். தொலைபேசி எண் பொறித்த வில்லை கழுத்தில் இருக்க வேண்டும். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் பதிவிலுள்ள எண் இன்றும் வழக்கில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். வாசலுக்கும் பால்கனிக்கும் அப்பால், வீட்டின் உள்ளறையில், நாய் தானே முன்பு தேர்ந்த இடத்தை ஒதுக்கித் திரையிட்டு, மின்விசிறியோ பாட்டோ ஓடவிடலாம். வழுக்கும் தரையில் சாக்கோ பாயோ விரித்தால் முதுநாயின் இடுப்பு பிழைக்கும். தண்ணீரும், சிறுநீர் கழிக்க வீட்டுக்குள்ளேயே ஓரிடமும் வேண்டும். கிழ உடலால் விடியும்வரை அடக்க இயலாது. அறைக்கதவு திறந்தே இருக்கலாம், வாசற்கதவு திறக்கலாகாது. பலகாரத் தட்டோடு வரும் விருந்தினருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. திமிறும் நாய்க்குச் சங்கிலி தூக்குக்கயிறாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். இப்பட்டியலில் செலவு மிகுந்தது என்று எதுவும் இல்லை. ஒருவரின் ஒரு மாலை மட்டும் செலவாகும்.

இங்கே மறுப்புகள் எழும். பண்டிகை பண்பாடு என்பர். பட்டாசு சிவகாசியில் பல்லாயிரம் குடும்பங்களின் சோறு என்பர். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நாய்க்காகப் பேசுவோர் கேட்பது ஏற்கெனவே எழுதிவைத்த சட்டத்தைத்தான். வெடிக்குமிடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவும் விற்கவும் 1999 முதலே தடை உண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஓசையெழுப்பும் பட்டாசு கூடாது என்பது 2005ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டுமே வெடிக்கலாம் என்றும், சரவெடி கூடாது என்றும் அதே நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று ஆணையிட்டது. நேரம் முன்கூட்டித் தெரிந்தால் நாயைக் காப்பது எளிது. மருந்தையும் நடையையும் உணவையும் அதற்கேற்ப வகுக்கலாம். நேர வரம்பை மீறி நள்ளிரவில் வெடிக்கும் ஒரே ஒரு வெடி அத்தனை ஏற்பாட்டையும் குலைத்துவிடுகிறது. 'பசுமைப் பட்டாசு' என்ற பெயரும் இங்கே உதவாது. அப்பெயரின் முதன்மை நோக்கம் புகையையும் நுண்துகளையும் குறைப்பது. அதுவும் ஓசையோடுதான் வெடிக்கிறது.

'மனிதருக்கே நாதியில்லை, நாய்க்கா?' என்பது அடுத்த மறுப்பு. அதே சுவருக்கு அப்பால் கைக்குழந்தையும், இதய நோயாளியும், திடீர் ஓசையைத் தாங்கவியலாத மதியிறுக்கச் சிறுவரும் இருக்கிறார்கள். நாய்க்காகக் குறையும் ஓசை அவர்களுக்கும் குறைகிறது. இது பங்கீட்டுச் சண்டை ஆகாது.

ஊர் முழுதும் அடங்குமா என்று ஐயுறுவோர் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியைப் பார்க்கலாம். அங்கு வந்து கூடுகட்டும் பறவைகள் வெருண்டு விடலாகாது என்று ஊர்மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் கொக்கையும் நாரையையும் 'வாயில்லா ஜீவன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. பறவை கூட்டைவிட்டு எழுவதைக் கண்டார்கள், அதன் பொருளை வாசித்தார்கள், வெடியை நிறுத்தினார்கள். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பட்டங்கள் நிறைந்த வளாகங்களின் நிலையோ வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றோடு கல்வி நிறுவனத்தையும் சுற்றிய நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அமைதி மண்டலத்தில் ஓசையெழுப்பும் பட்டாசுக்கு எந்நேரமும் தடை. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மாநில அரசு தனியே அறிவித்தாலன்றி எவ்விடமும் அம்மண்டலம் ஆகாது. ஆகவே கேட்டால்தான் கிடைக்கும். வளாகத்தில் நாய்கள் இருக்கலாமா என்ற வழக்கு வேறு. இருக்கும் நாய், பேராசிரியர் குடியிருப்பில் பதினான்காண்டு வாழ்ந்த நாயாயினும் விடுதி வாசலில் முதுமையெய்திய நாயாயினும், அவ்விரவைக் கடக்க வேண்டும் என்பதில் வழக்கில்லை. சூழலறம் பற்றிக் கருத்தரங்கம் கூட்டும் துறைகளும், விலங்கியல் முனைவர்களும், குறியியல் படிப்போரும் நிறைந்த வளாகத்தில் புத்தாண்டு நள்ளிரவு வெடியை விடுதிக் காப்பாளரே தொடங்கி வைப்பாராயின், அங்கே இல்லாமற்போனது நாயின் வாய் அன்று, வளாகத்தின் செவி.

எனவே செய்யத்தக்கது தெளிவாகவே இருக்கிறது. முதுநாயுள்ள ஒவ்வொரு வீடும் பண்டிகைக்கு ஆறு வாரங்களுக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். முதற்கேள்வியாக மூட்டு வலியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாணவர் பேரவையும் ஆசிரியர் சங்கமும், வளாகத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவாளர் வழியாக மாநில அரசுக்கு அனுப்பச் செய்ய வேண்டும். அவ்விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குமேல் போகாது. அதை எழுத வாயுள்ளவர்கள் வளாகத்தில் ஏராளம்.